யுனிவர்சிட்டி லைப்ரரில எப்படி தேடுறது? கேளுங்க, சொல்றேன்

ஒரு அரசு பல்கலைக்கழக நூலகத்துல ரெஃபரன்ஸ் செக்‌ஷன்ல வேலை பாக்குறேன். எம்.ஏ., எம்.எஸ்சி., பிஹெச்.டி. பண்றவங்க புத்தகம், கட்டுரை, தீசிஸ் தேடுறதுல என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடுறேன், பேப்பர் டவுன்லோட் பண்ணித் தர்றேன், ஜர்னல்ல போட்டுத் தர்றேன்னு யாராவது வந்தா காசு குடுக்காதீங்க.

விருதுநகர் பொண்ணு: அக்கா, சோழர் கால ஏரிப் பாசனம் பத்தி எம்.ஏ. ப்ராஜெக்ட். லைப்ரரி கம்ப்யூட்டர்ல சோழர்னு தமிழ்ல அடிச்சா நாலே நாலு புத்தகம் வருது. அவ்ளோதானா?

இல்லமா, புத்தகம் இருக்கும், நீ அடிச்ச எழுத்துல அது பதிவாகல. நிறைய நூலகத்துல, முக்கியமா பழைய பதிவுகள்ல, தமிழ்ப் புத்தகத்தோட தலைப்பு ஆங்கில எழுத்துலதான் ஏறியிருக்கு, அதுவும் நாம வாட்ஸப்ல அடிக்கிற மாதிரி இல்ல, அதுக்குன்னு ஒரு விதி வச்சிருக்காங்க. ச வந்தா எப்பவும் 'சி' எழுத்து, 'எஸ்' கிடையாது. ழ-வுக்கு 'எல்', 'இசட் ஹெச்' கிடையாது. த-வுக்கு வெறும் 'டி', பக்கத்துல 'ஹெச்' வராது. அப்போ சோழர்ங்கிறது சி-ஓ-எல்-ஏ-ஆர். ஆனா இங்கிலீஷ்ல எழுதின புத்தகம் எல்லாம் சி-ஹெச்-ஓ-எல்-ஏ-ன்னு இருக்கும். அதனால மூணு தடவ தேடணும்: தமிழ் எழுத்துல ஒரு தடவ, அந்த விதிப்படி ஒரு தடவ, இங்கிலீஷ் வழக்குப்படி ஒரு தடவ.

தமிழ் எழுத்துல தேடும்போதும் 'சோழர்காலப் பாசனம்'னு முழுசா அடிக்காத. சேர்த்து எழுதினது, பிரிச்சு எழுதினது, நடுவுல ஒரு ப் போட்டது, போடாததுன்னு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி பதிவாகியிருக்கும். 'சோழர்', 'பாசன', 'ஏரி'ன்னு சின்னச் சின்னதா தேடு. ஒரு நல்ல புத்தகம் கெடச்சதும் அந்தப் பதிவுல சப்ஜெக்ட்னு ஒரு வரி இருக்கும், அத க்ளிக் பண்ணினா அதே பொருள்ல இருக்குற மத்த புத்தகமும் வரிசையா வந்துடும்.

தமிழ்க்கிறுக்கன்: தமிழ்நாட்டு நூலகத்துல தமிழ்ப் புத்தகத்த ஆங்கில எழுத்துல தேடணுமா? இது அவமானம் இல்லையா மேடம்?

கேட்டலாகிங் ஊழியர்: தோழர், கம்ப்யூட்டர்ல தமிழ் எழுத்த அடிக்கிற யூனிகோட் முறை பரவலா வர்றதுக்கு முன்னாடி போட்ட பதிவுங்க அதெல்லாம். ஆயிரக்கணக்குல இருக்கு, ஆள் இல்லாம எப்படி மாத்துறது?

தமிழ்க்கிறுக்கன்: ஆள் இல்லங்கிறத எத்தன வருஷம் சொல்லுவீங்க?

ரெண்டு பேரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு, ஆனா நான் தமிழ்க்கிறுக்கன் பக்கம்தான். ஆங்கில எழுத்துப் பதிவ அழிக்கவே வேண்டாம், வெளிநாட்டு நூலகங்களோட சேர்ந்து தேட அது வேணும். அதுக்குப் பக்கத்துலயே தமிழ் எழுத்துல இன்னொரு பதிவு போட மார்க் ஃபார்மட்ல, அதாவது நூலகப் பதிவுகளுக்கான பொது வடிவத்துல, 880-ன்னு தனி இடமே வச்சிருக்காங்க. நெறைய நூலகத்துல ஓடுற கோஹா சாஃப்ட்வேர் தமிழ நல்லாவே எடுத்துக்கும். வழி இருக்கு, வேலைக்கு ஆள் போடணும், அவ்ளோதான். வாசகர்கள் எழுதிக் கேட்டாத்தான் நிர்வாகமும் ஆள் போடும். உங்க நூலகருக்கு லெட்டர் எழுதுங்க, நானும் எங்க இடத்துல கேட்டுட்டுதான் இருக்கேன்.

கேட்டலாகிங் ஊழியர்: 880 போட்டாலும் பழைய புத்தகத்த மறுபடி கையில எடுத்துதானே அடிக்கணும்?

எல்லாத்துக்கும் வேண்டாம். அந்த விதி எழுத்துக்கு எழுத்து போறதால மேல புள்ளி, கீழ கோடு எல்லாம் சரியா இருக்குற பதிவ கம்ப்யூட்டரே திருப்பித் தமிழாக்கிடும். கோடு விட்டுப்போன பதிவுலதான் ல, ழ, ள குழப்பம் வரும், அத மட்டும் கையால பாத்தா போதும்.

ஃபர்ஸ்ட் இயர்: 894.8113-ன்னு புத்தகத்தோட நம்பர் குறிச்சுட்டுப் போனேன், ராக்ல 894.812-க்கு அப்புறம் பாத்தேன், இல்லையே?

முன்னாடி பாரு தம்பி. புள்ளிக்கு அப்புறம் ஒவ்வொரு இலக்கமா ஒப்பிடணும், 8113 பெருசு 812 சின்னதுன்னு கணக்கு போடக் கூடாது. 894.811 தமிழ் இலக்கியம், அதோட 3 சேந்தா கதை, நாவல். நம்பருக்குக் கீழ இருக்குற எழுத்தையும் சேத்து குறிச்சுக்கோ, அது இல்லன்னா ஒரு ராக் முழுக்கத் தேடணும். உங்க லைப்ரரில நம்பருக்கு பதிலா எழுத்தும் கோலனும் கலந்து வந்தா அது எஸ்.ஆர்.ரங்கநாதன் போட்ட கோலன் முறை. 1924-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டி நூலகரானவர் அவர். கவுன்ட்டர்ல கேட்டா சொல்லித் தருவாங்க.

கெமிஸ்ட்ரி ஸ்காலர்: பேப்பர் ஓப்பன் பண்ணினா 35 டாலர் கேக்குது. ஃப்ரீயா பிடிஎஃப் எங்க கெடைக்கும்?

அரசு பல்கலைக்கழகம்னா 2025 ஜனவரில இருந்து ஒரே நாடு ஒரே சந்தா திட்டம் இருக்கு, ஜர்னலுக்கு மத்திய அரசே சந்தா கட்டுது, 30 பதிப்பகம், கிட்டத்தட்ட 13,000 ஜர்னல். கேம்பஸ் நெட்ல இருந்து தொறந்து பாருங்க. வீட்ல இருந்து பாக்கணும்னா வெளியில இருந்து தொறக்குறதுக்கான இன்ஃபெட் லாகின் இருக்கான்னு உங்க லைப்ரரில கேளுங்க. அப்படியும் கெடைக்கலன்னா கூகுள் ஸ்காலர்ல அந்தக் கட்டுரைக்குக் கீழ 'ஆல் வெர்ஷன்ஸ்' இருக்கும், அத தொட்டுப் பாருங்க, ஆசிரியர் தன் பக்கத்துல போட்ட காபி அங்க மாட்டும். அதுவும் இல்லன்னா ஆசிரியருக்கே மெயில் போடுங்க, நெறைய பேரு அனுப்பி வைப்பாங்க. 35 டாலர் மட்டும் கட்டாதீங்க.

கோவை இன்ஜினியர்: ஃப்ரீ பிடிஎஃப் லிங்க் இருக்கா மேடம்?

மேல இருக்குற பதில படிங்க.

தனியார் காலேஜ்: எங்களுக்கு அந்தத் திட்டம் இல்லையாமே?

ஆமா, இப்போ அரசு நிறுவனங்களுக்குத்தான். காலேஜ்களுக்கு மின்னூல், ஜர்னல் தர்ற என்-லிஸ்ட் திட்டத்துல உங்க காலேஜ் சேந்திருக்கான்னு கேளுங்க, சேந்தும் மாணவர்களுக்கு லாகினே குடுக்காம வச்சிருக்குற காலேஜ் இருக்கு, விடாம கேளுங்க.

தமிழ் எம்.ஃபில்: இந்தியப் பல்கலைக்கழக தீசிஸ் இருக்குற சோத்கங்கா தளத்துல ஒண்ணு எடுத்தா பத்து பதினஞ்சு ஃபைலா வருது. எத படிக்கிறது?

கடைசில இருக்குற ஒண்ணு ரெண்டு ஃபைல முதல்ல தொறங்க. பெரும்பாலும் அங்கதான் துணைநூற்பட்டியல் இருக்கும். உங்க தலைப்புல இதுக்கு முன்னாடி யார் யார் எழுதியிருக்காங்கன்னு ஒரே எடத்துல தெரிஞ்சுடும். அப்புறம் பொருளடக்கம், அப்புறம் தேவைப்பட்ட இயல் மட்டும். ஆனா அதுல இருக்குற மேற்கோள அப்படியே எடுத்துப் போட்டுடாதீங்க, பக்க எண் தப்பா இருக்குறத நெறைய பாத்திருக்கேன், மூல நூல எடுத்து சரிபாத்துதான் போடணும். எந்தப் பதிப்பு, எந்த வருஷம், எந்தப் பக்கம்னு புத்தகம் கையில இருக்கும்போதே எழுதிக்கோங்க, திருப்பிக் குடுத்தப்புறம் அலையக் கூடாது.

பழைய பத்திரிகை: 1930-கள்ல வந்த தமிழ் இதழ் வேணும்.

சென்னை தரமணில ரோஜா முத்தையா நூலகம் போங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா சேத்து வச்ச தொகுப்புல இருந்து 1994-ல உருவானது, மைக்ரோஃபில்மா நெறைய வச்சிருக்காங்க. போறதுக்கு முன்னாடி அவங்க கேட்டலாக்ல பாத்து, இதழ் பேரும் வருஷமும் எழுதிட்டுப் போங்க. வீட்ல இருந்தே பாக்கணும்னா தமிழ் இணையக் கல்விக்கழகத்தோட மின்னூலகம்.

யாழ்ப்பாணத்தில் இருந்து: அக்கா, ஈழத்துச் சஞ்சிகைகள்?

'நூலகம்'னு பேர் வச்ச நிறுவனத்தோட இணையதளம்தான், வேற எங்கயும் தேட வேண்டாம் தம்பி.

தீசிஸ் டென்ஷன்: தீசிஸ்ல சிமிலாரிட்டி, அதாவது மத்தவங்க எழுதினதோட ஒத்துப்போறது, எவ்ளோ வரலாம்?

யுஜிசி 2018 விதிப்படி 10 சதவீதம் வரைக்கும் நடவடிக்கை இல்ல. குறைச்சுத் தர்றேன்னு ஜெராக்ஸ் கடைல சொல்றவங்களுக்குக் காசு குடுக்காதீங்க.

சேலம் ஸ்காலர்: ரெண்டாயிரம் கட்டினா பத்து பேப்பர் எடுத்துத் தர்றாங்களாம், கட்டலாமா?

கட்டாதீங்க. அந்தப் பத்து பேப்பரோட தலைப்ப இங்க எழுதுங்க, நாளைக்கு டூட்டில பாத்து எது எது கேம்பஸ்லயே தொறக்குதுன்னு சொல்றேன்.