எல்.கே.ஜி. பிள்ளைக்கு என்ன வாங்கித் தரலாம்? – கேள்வி பதில்

வேலூரில் 26 வருடம் எல்.கே.ஜி., யு.கே.ஜி. பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து வேலை பார்த்தவள் நான். பிறந்தநாள், திருவிழா நேரத்தில் வரும் கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன். ஒரு பொம்மையைக் கையில் எடுத்தால் நான் பார்ப்பது ஒன்றுதான்: வாங்கி ஒரு மாதம் ஆன பிறகும் பிள்ளையின் கைக்கு இதில் வேலை இருக்குமா?

காட்பாடியிலிருந்து ஒரு அம்மா: மகளுக்கு 4 வயது. ஏ, பி, சி, டி சொல்லும் லேப்டாப் பொம்மை 900 ரூபாய். வாங்கலாமா டீச்சர்?

வேண்டாம்மா. பொத்தானை அழுத்தினால் பாடும், விளக்கு எரியும். எல்லா வேலையையும் பொம்மையே செய்துவிட்டால் பாப்பாவுக்கு என்ன மிச்சம்? நாலாம் நாள் அது கட்டிலுக்கு அடியில் கிடக்கும்.

அதே பணத்தில் தடித்த கிரேயான் ஒரு டப்பா, முனை மழுங்கிய கத்தரிக்கோல், பெரிய துளையுள்ள மணியும் கோக்கக் கயிறும், இரண்டு படப் புத்தகம் வாங்கிவிடலாம். களிமண்ணுக்குக் கடைக்கே போக வேண்டாம். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் தூள் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய், பிசையும் அளவுக்குத் தண்ணீர். மஞ்சள்தூள் போட்டால் ஒரு நிறம், பீட்ரூட் சாறு விட்டால் இன்னொரு நிறம். உப்பு அதிகம் என்பதால் தின்னாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒரு பையன் பென்சிலை உலக்கை மாதிரி முஷ்டியால் பிடிப்பான். அவனிடம் பென்சிலை வாங்கி வைத்துவிட்டு மாவைக் கொடுத்தேன். நீளமாகப் பாம்பு உருட்டுவான், அதைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிக் கிள்ளி, "டீச்சர், இட்லி" என்று என் உள்ளங்கையில் வைப்பான். தினமும் இருபது இட்லியாவது சாப்பிட்டிருப்பேன். இரண்டு மாதம் கழித்துப் பென்சிலைக் கொடுத்தபோது அது தானாக மூன்று விரலுக்குள் வந்து உட்கார்ந்தது. விரலுக்குப் பலம் வந்த பிறகுதான் எழுத்து.

குடியாத்தத்திலிருந்து ஒரு தாத்தா: சிரசு திருவிழாக் கடையில் மினுமினுக்கும் மோதிரம், பம்பரம் எல்லாம் 30, 40 ரூபாய்க்குக் கிடைக்கிறது. 5 வயதுப் பேரன் கேட்கிறான்.

ஐயா, இதில் மட்டும் பேரன் அழுதாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். அவற்றுக்குள் இருப்பது பொத்தான் பேட்டரி. மூடியில் திருகாணி இருக்காது, கீழே விழுந்தாலே பேட்டரி வெளியே வந்துவிடும். பிள்ளை விழுங்கி அது உணவுக்குழாயில் மாட்டினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துப் புண்ணாக்கும். விழுங்கியிருப்பானோ என்று சந்தேகம் வந்தாலே போதும், பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், மலத்தில் வந்துவிடும் என்று காத்திருக்கவும் வேண்டாம். அந்தக் கடைகளிலேயே பனையோலைக் காத்தாடி, மரச் சொப்பு இருந்தால் மகிழ்ச்சியாக வாங்குங்கள்.

ஆற்காட்டிலிருந்து ஒரு பாட்டி: என் அம்மா காலத்துப் பல்லாங்குழி இருக்கிறது. ஒரு டப்பா குன்றிமணியும் உண்டு. யு.கே.ஜி. பேத்திக்குக் கொடுக்கலாமா?

பல்லாங்குழியைக் கண்டிப்பாகக் கொடுங்கள். குன்றிமணியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். பார்க்கச் சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது கடுமையான நஞ்சு. முழுசாக விழுங்கினால் ஓடு கெட்டியாக இருப்பதால் பல நேரம் தப்பிவிடலாம். கடித்து மென்றாலோ, ஓட்டை போட்ட மணியாக இருந்தாலோ உயிருக்கே ஆபத்து. புளியங்கொட்டையோ சோழியோ போதும். வீட்டில் 3 வயதுக்குக் குறைந்த தம்பி, தங்கை இருந்தால் அதையும் விளையாடி முடித்ததும் எண்ணி எடுத்து மேலே வைத்துவிடுங்கள்.

இந்தப் பலகையை நான் ஏன் இவ்வளவு விரும்புகிறேன் என்றால், இந்த வயதில் "ஒன்று, இரண்டு, மூன்று" என்று வாய் வேகமாக ஓடும், தொட்டுக் காட்டும் விரல் பின்தங்கும். ஆறு கல்லை எண்ணி ஒன்பது என்று சொல்வார்கள். பல்லாங்குழியில் குழிக்கு ஒரு கொட்டைதான் போட முடியும் என்பதால் வாயும் கையும் ஒன்றாக நடக்கப் பழகும். முழு விதியும் இப்போதே வேண்டாம். முதல் வாரம் 14 குழியிலும் ஒவ்வொன்று போடட்டும். அப்புறம் ஒரு பக்கத்து ஏழு குழியில் இரண்டிரண்டு. அள்ளுவது, காசி கட்டுவது எல்லாம் அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம். நீங்கள் எதிரே உட்கார வேண்டும், அது முக்கியம்.

ராணிப்பேட்டையிலிருந்து ஒரு நர்சரி டீச்சர்: பள்ளிக்கு மரக்கட்டைகள் வாங்க வேண்டும். பெரிய செட் விலை கட்டுப்படியாகவில்லை.

பெரிய செட் இல்லாவிட்டால் ஒன்றும் குறையாது. ஜெர்மனியில் 1837-ல் சின்னப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தவர் ஃப்ரீட்ரிக் ஃப்ரோபல். தன் விளையாட்டுச் சாமான்களுக்கு அவர் வைத்த பெயரே "பரிசுகள்"தான். முதல் பரிசு, கம்பளி நூலில் செய்த ஆறு வண்ணப் பந்துகள். மூன்றாவது பரிசு, ஒரு மரக் கனசதுரத்தை எட்டுச் சின்னக் கனசதுரங்களாக அறுத்தது. அந்த எட்டுக் கட்டையில் பிள்ளைகள் நாற்காலி, படிக்கட்டு, கோயில் வாசல் எல்லாம் கட்டுவார்கள்.

மரவாடியில் தேக்குத் துண்டுகள் கேட்டு வாங்குங்கள். ஆசாரியிடம் கொடுத்து ஒரே அளவாக அறுத்து, ஓரத்தை உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கச் சொல்லுங்கள். பெயின்ட் வேண்டாம். பழைய கதவு, ஜன்னல் மரத்தைத் தொடாதீர்கள், பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம்.

ஆம்பூரிலிருந்து ஒரு அப்பா: மகன் சமையல் செட் கேட்கிறான். வீட்டில் சிரிக்கிறார்கள்.

வாங்கிக் கொடுங்கள் தம்பி. அம்மா செய்வதைப் பார்த்துச் செய்யத்தானே பிள்ளை ஆசைப்படுகிறான்? நம் ஊரில் அண்டா அண்டாவாகப் பிரியாணி கிண்டுபவர்கள் யார் என்று சிரிக்கிறவர்களைக் கேளுங்கள்.

வேலூரிலிருந்து ஒரு சித்தி: அக்கா பையன் பிறந்தநாளுக்கு 25 பிள்ளைகள். ஆளுக்கு 40 ரூபாயில் ரிட்டர்ன் கிஃப்ட்?

சின்ன சிலேட்டும் நான்கு கலர் சாக்பீஸும் அந்தப் பணத்துக்குள் வந்துவிடும். இன்னொன்று, காகிதக் கப், கொஞ்சம் மண், ஒரு பொட்டலத்தில் பச்சைப்பயறு. இரண்டு மூன்று நாளில் முளை விடும். இந்த வயதின் பொறுமைக்கு அதுதான் சரியான செடி. மாங்கொட்டை கொடுத்தால் மறந்துவிடுவார்கள். ஊதாத பலூனைப் பையில் போடாதீர்கள். ரப்பர் தொண்டையில் ஒட்டினால் மூச்சே நின்றுவிடும்.

லாங் பஜாரில் பொம்மை வாங்கும்போது பெட்டியில் எதைப் பார்க்க வேண்டும்?

ஐ.எஸ்.ஐ. முத்திரை. 2021 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விற்கும் பொம்மைகளுக்கு அது கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்ததற்கும், புவிசார் குறியீடு பெற்றதற்கும் விலக்கு உண்டு. அதனால் கர்நாடகத்துச் சன்னப்பட்டணா மரப் பொம்மையில் முத்திரை இல்லையே என்று பயப்பட வேண்டாம். அப்புறம் வயது. 3+ என்று போட்டிருந்தால் "புத்திசாலிப் பிள்ளை, 2 வயதிலேயே ஆடுவான்" என்று நினைக்காதீர்கள். அந்த எண் பெரும்பாலும் தொண்டையில் சிக்கும் சின்ன உதிரிகளுக்கான எச்சரிக்கை.

துபாயிலிருக்கும் மாமா 4 வயது மகளுக்கு டேப்லெட் அனுப்புகிறேன் என்கிறார்.

புத்தகம் கேளுங்கள். 2 முதல் 4 வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதுவும் குறைந்தால் நல்லது என்று 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. உங்கள் போனே அந்த ஒரு மணியை எடுத்துக்கொண்டிருக்கும். துலிகா, நேஷனல் புக் டிரஸ்ட் இரண்டிலும் தமிழில் நல்ல படப் புத்தகங்கள் உண்டு.

அணைக்கட்டிலிருந்து ஒரு அம்மா: பையனுக்கு 4 முடிந்துவிட்டது, இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. பேச்சு வரவைக்கும் பொம்மை இருக்கிறதா?

அப்படி ஒரு பொம்மை இல்லை கண்ணு. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று யார் சொன்னாலும் கேட்காமல், இந்த வாரமே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். காது நன்றாகக் கேட்கிறதா என்று முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு பந்தை உருட்டி, "பந்து வருது, பிடி" என்று அவன் முகத்தைப் பார்த்துப் பேசி விளையாடுங்கள். பதிலுக்கு ஒரு சத்தம் வந்தாலும் திரும்பப் பேசுங்கள்.

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு அப்பா: 1,500 ரூபாய்க்கு கார் வாங்கினேன். மகன் அது வந்த அட்டைப்பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மாட்டேன் என்கிறான்!

அருமை. பழைய மிக்சி பெட்டி, ஃபேன் பெட்டி இருந்தால் அதையும் கொடுங்கள். அவன் எங்கே காட்டுகிறானோ அங்கே ஜன்னல் வெட்டிக் கொடுங்கள். பெட்டி அடியிலுள்ள பின்களை மட்டும் முதலில் பிடுங்கிவிடுங்கள்.