கன்சைனர், கன்சைனி: லாரி ரசீதில் யார் எங்கே?

பொள்ளாச்சியிலிருந்து ஆலப்புழைக்குத் தேங்காய் நார் லோடு போகிறது, எல்.ஆரில் (லாரி ரசீதில்) கன்சைனர் யார், கன்சைனி யார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சரக்கை அனுப்பும் நீங்கள் கன்சைனர். ஆலப்புழையில் இறக்கிக்கொள்பவர் கன்சைனி. ஆங்கில எழுத்தில் கடைசியில் 'ஓ ஆர்' இருந்தால் கொடுப்பவர், 'ஈ ஈ' இருந்தால் பெறுபவர்.

பணம் கட்டுபவர்தான் கன்சைனி என்று நினைத்துவிடாதீர்கள், பலர் சறுக்குவது இங்கேதான். கொச்சி வியாபாரி பெயரில் பில் போட்டு, சரக்கு ஆலப்புழை ஃபேக்டரியில் இறங்கினால் ஃபேக்டரிதான் கன்சைனி. வாடகை 'டு பே', அதாவது சரக்கு இறங்கும் இடத்தில் கட்டுவது என்றால் டிரைவர் அதையும் அங்கேதான் கேட்பார்.

இ-வே பில்லில் (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டில்) ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பாருங்கள், அது மாநிலக் குறியீடு: அனுப்புநருக்கு 33 (தமிழ்நாடு), பெறுநருக்கு 32 (கேரளா). இரண்டு எண்களும் இடம் மாறியிருந்தால் திருத்த வழியில்லை; லாரி நம்பர் உள்ள பார்ட் பி-யை மட்டுமே மாற்றலாம். 24 மணி நேரத்துக்குள், வழியில் அதிகாரி சரிபார்க்கும் முன், அந்த இ-வே பில்லை ரத்து செய்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எண் சரியாக இருந்து பெயரில் மட்டும் எழுத்துப் பிழை என்றால் பயம் வேண்டாம். 2018 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி வெளிமாநில லோடுக்கு 1,000 ரூபாய் அபராதம், லாரியைப் பிடித்துவைக்க மாட்டார்கள்.