மறுபடி தேய்க்காதீர்கள்!

கேள்வி: காலை நாலரைக்கு எழுந்து சமைத்து, எல்லாருக்கும் சாப்பாடு கட்டி, மின்சார ரயிலைப் பிடித்து சென்னையில் பூங்கா ஸ்டேஷன் பக்கத்து ஆபீசுக்குப் போகிறேன். வீடு திரும்ப ஏழரை. படுக்கப் பதினொன்றரை ஆகிவிடுகிறது. கணவருக்கு உள்ளூரிலேயே வேலை. எப்போதாவது ராத்திரி பாத்திரம் தேய்த்து வைப்பார், அதையும் நான் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். மகன் பத்தாம் வகுப்பு. மாமியாரும் எங்களோடு இருக்கிறார். நாலு மணிக்கே எழுந்தால் சமாளிக்கலாமா? ஒரு கால அட்டவணை போட்டுத் தாருங்கள்.
– வாசகி, செங்கல்பட்டு

பதில்: அட்டவணை தர மாட்டேன். நாலு மணிக்கு எழுந்தால் அந்த அரை மணி நேரத்துக்கும் ஒரு வேலை வந்து சேரும். அடுத்த வருடம் மூன்றரைக்கு எழலாமா என்று எழுதுவீர்கள்.

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, பாத்திரத்தை மறுபடி தேய்ப்பதாக. யாரம்மா தேய்க்கச் சொன்னது? இட்லித் தட்டுக் குழியில் மாவு காய்ந்திருக்கும், குக்கர் கேஸ்கட் இடுக்கில் பருப்பு இருக்கும், வாணலிப் பிடியில் பிசுக்கு போயிருக்காது. பழகாத கை அப்படித்தான் தேய்க்கும். நீங்களோ வாயைத் திறக்காமல், அவர் படுத்த பிறகு கம்பி நாரை எடுத்துக்கொண்டு தொட்டி முன்னால் நிற்கிறீர்கள். அவருக்குத் தெரியாதென்றா நினைக்கிறீர்கள்? அரைகுறையாகச் செய்தால் அடுத்த தடவை நம்மைக் கூப்பிட மாட்டார்கள் என்ற கணக்கு ஆண்களுக்குக் காலங்காலமாகத் தெரிந்ததுதான்.

மத்திய அரசு 2019இலும் 2024இலும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு நடத்தியது. வீட்டு வேலை செய்யும் பெண்கள் 2019இல் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் கொடுத்தார்கள், 2024இல் 289. பத்து நிமிடம் குறைந்திருக்கிறதே, ஆண்கள் கைகொடுத்திருப்பார்களோ என்று பார்த்தால், வீட்டு வேலை செய்கிற ஆண்களின் நேரமும் 97இலிருந்து 88க்கு இறங்கியிருக்கிறது. அவர்களிலும் உங்களவர் மாதிரி எத்தனை பேரோ!

சாப்பிட்டவர்தான் கழுவ வேண்டும். இதில் என்னிடம் பேரம் கிடையாது. சம்பாதிக்கிறார், பரீட்சைக்குப் படிக்கிறான் என்பதெல்லாம் காரணமாகாது. உடம்பு முடியாதவருக்கு மட்டும்தான் விலக்கு.

பையன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கிறான், அதுதான் எனக்குக் கோபம். அப்பா ஒப்புக்குத் தேய்த்தால் போதும், மிச்சத்தை அம்மா பார்த்துக்கொள்வாள் என்று கற்றுக்கொண்டே வளர்கிறான். நாளைக்கு உங்கள் வீட்டுக்கு வருகிற மருமகளும் எனக்கு இதே கடிதத்தை எழுதுவாள். அப்போது நான் திட்டப்போவது அவளை அல்ல, உங்களை.

இன்று ராத்திரி அந்த வாணலியைத் திருப்பி அவர் கையில் கொடுங்கள். “பிசுக்கு போகலைங்க, இன்னொரு தடவை தேய்ச்சிடுங்க.” அவ்வளவுதான் பேச்சு. சிரித்துக்கொண்டும் சொல்லலாம், முறைத்துக்கொண்டும் சொல்லலாம். அப்படியே போட்டுவிட்டுப் படுத்தாரா, நீங்கள் தொடாதீர்கள். காலையில் வாணலி இல்லாவிட்டால் பொரியலும் இல்லை. தாளிக்காத தயிர்சாதத்தைக் கட்டிக்கொண்டு போகட்டும். பையனும் சாயங்காலம் வந்ததும் தன் டிபன் டப்பாவைக் கழுவிக் கவிழ்க்கட்டும். அந்த ஐந்து நிமிடத்தில் அவன் மார்க் ஒன்றும் குறைந்துவிடாது.

மாமியார், “என் பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க விட்டுட்டாளே” என்று முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். பத்து மணிக்கு நீங்கள் தூங்கிவிட்டால் அது உங்கள் காதில் விழாது.