ஓடுவது கேமில் இருப்பவன், குமட்டுவது நமக்கு

தர்மபுரியில் 14 ஆண்டுகளாக ஆடியாலஜிஸ்டாக இருக்கிறேன். காது கேட்கிறதா என்று பார்ப்பது பாதி வேலை. நடக்கும்போது ஏன் தள்ளாடுகிறது, ஏன் தலை சுற்றுகிறது என்று பார்ப்பது மீதி. மாலையில் வீட்டுக்கு வந்தால் கம்ப்யூட்டரில் கேம் ஆடுவேன். கதாபாத்திரத்தின் கண் வழியாகவே எல்லாவற்றையும் காட்டும் முதல்நபர்ப் பார்வை கேம்கள்தான் பிடிக்கும். ஆடினால் குமட்டவும் செய்யும். இதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

பாலக்கோடு, கல்லூரி மாணவர்: அண்ணா, கிரிக்கெட் கேம் மணிக்கணக்கில் ஆடுகிறேன், ஒன்றும் செய்வதில்லை. துப்பாக்கியோடு ஓடும் கேமில் இருபதே நிமிடத்தில் நெற்றி வியர்த்துக் குமட்டுகிறது. வயிற்றில் கோளாறா?

வயிற்றின் மேல் பழி போடாதீர்கள் தம்பி. மொரப்பூர் ஸ்டேஷனில் நிற்கும் ரயிலில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்துத் தண்டவாளத்து வண்டி நகர்ந்தால், நம் வண்டிதான் கிளம்பிவிட்டது என்று ஒரு நொடி உடம்பு நம்பிவிடும். கண்முன் இருப்பதில் பெரும்பகுதி ஒரே திசையில் நகர்ந்தால், நகர்வது நான்தான் என்று மூளை எடுத்துக்கொள்கிறது. கிரிக்கெட் கேமில் மைதானம் பெரும்பாலும் அப்படியே இருக்க, பந்தும் ஆளும் ஓடுகிறார்கள். துப்பாக்கி கேமில் மவுசை அசைத்தால் சுவர், தரை, வானம் எல்லாம் சேர்ந்து திரும்புகின்றன. கண் "திரும்பினேன்" என்கிறது. அசைவை உணரும் உள்காது "நாற்காலியில்தானே இருக்கிறாய்" என்கிறது. இந்த முரண்தான் குமட்டலின் வேர்.

பஸ்ஸில் செல்போனைப் பார்த்துக்கொண்டு தொப்பூர் கணவாய் இறங்கும்போது நடப்பது இதன் மறுபக்கம். அங்கே காதுக்கு அசைவு தெரிகிறது, கண்ணுக்குத் தெரிவதில்லை.

முரண்பட்டால் ஏன் வாந்தி வரவேண்டும்? டிரீஸ்மன் என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு விளக்கம் சொன்னார். இயற்கையில் கண்ணும் காதும் இப்படி முரண்படுவது பெரும்பாலும் விஷம் தின்றால்தான். அதனால் மூளை வயிற்றைக் காலி செய்யப் பார்க்கிறது என்றார். நிரூபிக்கப்பட்ட உண்மை அல்ல, ஊகம்தான். ஆனால் எனக்குப் பிடித்த ஊகம்.

பென்னாகரம்: ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுகிறேன் சார். சுற்றுலா வருகிறவர்கள் கேட்டால் பரிசலைப் பம்பரம் போலச் சுற்றிவிடுவேன். அவர்கள் வாந்தி எடுப்பார்கள், எனக்கு ஒன்றும் ஆகாது. நண்பன் வீட்டில் அவன் கேம் ஆடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் வெளியே ஓடிவிட்டேன். அவமானமாக இருக்கிறது.

வந்த கேள்விகளிலேயே இதுதான் அருமையானது. உள்காதில் ஒவ்வொரு பக்கமும் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறு தளத்தில் திரும்பியிருக்கும், உள்ளே திரவம் இருக்கும். தலை திரும்பினால் குழலும் கூடவே திரும்புகிறது. திரவம் சற்றுப் பின்தங்கி, கூழ் போன்ற ஒரு மடலைத் தள்ளுகிறது. மடலுக்குள் இருக்கும் நுண்மயிர்கள் வளைந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. பரிசல் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தால் திரவமும் அந்த வேகத்தைப் பிடித்துவிடும். சட்டென்று நிறுத்தினால் குழல் நின்றுவிடும், திரவம் நிற்காது. கரையேறிய பிறகும் பாறையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே பயணி, அது இதனால்தான்.

உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்குப் பழக்கம் ஒரு காரணம். துடுப்பு உங்கள் கையில் இருப்பது இன்னொரு காரணம். எந்தப் பக்கம் எப்போது திரும்பப்போகிறது என்று உங்கள் மூளைக்கு முன்கூட்டியே தெரியும். வத்தல்மலை வளைவுகளில் டிரைவர் தெம்பாக இருக்க, பின்சீட்டில் இருப்பவர் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருப்பதும் இப்படித்தான். நண்பர் வீட்டில் மவுஸ் அவர் கையில் இருந்தது. அங்கே பயணி நீங்கள். இதில் அவமானம் ஒன்றும் இல்லை. இரண்டு பக்கமும் சமநிலை உறுப்பு முழுவதும் செயலிழந்தவர்களுக்குப் பெரும்பாலும் பயண வாந்தி வருவதே இல்லை. உங்கள் காது நன்றாக வேலை செய்கிறது.

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், இன்னும் சிலர்: கேம் செட்டிங்ஸில் எதை மாற்ற வேண்டும்?

முதலில் எஃப்.ஓ.வி. என்று எழுதியிருக்கும் பார்வைக் கோணம். கேம் உலகத்தில் எத்தனை பாகையைத் திரையில் காட்டுவது என்பது அது. 24 அங்குலத் திரையை 60 செ.மீ. தூரத்தில் வைத்துப் பார்த்தால் அந்தத் திரை நம் பார்வையில் சுமார் 48 பாகையை அடைக்கும். அதே ஆள் 43 அங்குல டிவியை இரண்டரை மீட்டர் தள்ளி சோபாவிலிருந்து பார்த்தால் சுமார் 22 பாகைதான். சோபாவை மனதில் வைத்து 60, 65 என்று குறுக்கிய கோணத்தை மேசைக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தால், குழாய் வழியாக எட்டிப் பார்ப்பது போல இருக்கும். மவுசைச் சற்று அசைத்தாலும் காட்சி பறக்கும். மேசையில் ஆடுகிற பலருக்கு 90-இலிருந்து 100 வரை ஒத்துவருகிறது. எனக்கு 95. ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். சில கேம்கள் அகலவாக்கில் அளக்கின்றன, சில உயரவாக்கில். மைன்கிராஃப்டில் 70 என்று இருப்பது உயரவாக்குக் கணக்கு. அகலத் திரையில் அதுவே கிடைவாக்கில் 100-ஐத் தாண்டிவிடும். அதை 90-க்கு ஏற்றிவிட்டு ஓரங்கள் இழுபடுகின்றன என்று என்னிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு.

அடுத்து, நடக்கும்போது காட்சி மேலும் கீழும் ஆடும் ஹெட் பாப். மைன்கிராஃப்டில் அதற்கு வியூ பாபிங் என்று பெயர். தயங்காமல் அணைத்துவிடுங்கள். நிஜத்தில் நடக்கும்போது தலை ஆடினாலும் அதை ஈடுகட்டக் கண் எதிர்ப்பக்கம் நகர்கிறது, அதனால் உலகம் நிலையாகத் தெரிகிறது. கண்ணே சரிசெய்துவிடும் ஆட்டத்தைத் திரையில் திரும்ப வரைந்து காட்டுவதை யதார்த்தம் என்கிறார்கள். எனக்கு அது அறியாமையாகத்தான் படுகிறது. வேகமாகத் திரும்பும்போது காட்சியை மங்கலாக்கும் மோஷன் பிளர், வெடிச் சத்தத்துக்குத் திரை குலுங்குவது இரண்டும் அதே வழியில் போகட்டும்.

திரையில் படம் வினாடிக்கு 60 முறை மாறினால், அதாவது 60 பிரேம் என்றால், ஒரு பிரேமுக்கு சுமார் 17 மில்லிவினாடி. 30 என்றால் 33. அதைவிட முக்கியம், சீராக வருவது. 60-க்கும் 25-க்கும் இடையில் எகிறிக் குதிக்கும் கம்ப்யூட்டரில் கிராபிக்ஸ் தரத்தைக் குறையுங்கள். புல் அழகாகத் தெரியவில்லை என்றால் குடி மூழ்கிவிடாது.

திரையின் நடுவில் ஒரு புள்ளியும் உதவும். 2008-இல் வந்த மிரர்ஸ் எட்ஜ் கேமில் குமட்டலைக் குறைக்கவே நடுவில் ஒரு சிறு புள்ளி வைத்தார்கள். குறிபார்க்க நடுவில் காட்டும் குறிப்புள்ளியை அணைக்கும் வசதி இருந்தாலும் அணைக்காதீர்கள். அறை விளக்கு எரியட்டும், நாற்காலியைப் பின்னால் தள்ளுங்கள்.

அரூர், ஒரு தாய்: என் மகனுக்கு 10 வயது. கேம் ஆடினால் முகம் வெளுத்துவிடுகிறது. மூளையில் ஏதாவது பிரச்சினையா?

பயப்படாதீர்கள் அம்மா. பஸ்ஸிலும் அவனுக்கு அப்படி ஆகிறதா என்று பாருங்கள். பயணக் குமட்டல் ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரைதான் உச்சத்தில் இருக்கும். பிறகு பெரும்பாலும் குறையும். பெண்களுக்கும், ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கும் கொஞ்சம் அதிகம். வெளுத்ததும் நிறுத்திவிட்டு, வாசலுக்கு அனுப்பித் தூரத்தில் எதையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

ஊத்தங்கரை: பல்லைக் கடித்துக்கொண்டு ஆடினால் பழகிவிடும் என்கிறார்களே?

பழகும், ஆனால் பல்லைக் கடித்தால் அல்ல. குமட்டும்வரை ஆடிக்கொண்டே இருந்தால், அந்த கேமின் இசையைக் கேட்டாலே குமட்டும் நிலைக்குப் போய்விடுவீர்கள். முதல் அறிகுறி வாந்தி இல்லை. காரணமில்லாத கொட்டாவி, வாயில் எச்சில் ஊறுவது, கழுத்தில் குளிர்ந்த வியர்வை. அதில் ஒன்று வந்ததும் எழுந்துவிடுங்கள். "இந்த ஒரு ரவுண்டு மட்டும்" என்பதுதான் கெடுக்கிறது. தினமும் பத்துப் பத்து நிமிடமாக, உடம்பு சரியான பிறகே அடுத்தது என்று போனால், பலருக்குச் சில வாரங்களில் நேரம் கூடுகிறது.

காரிமங்கலம்: பஸ்ஸுக்குப் போடும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆடலாமா?

ப்ரோமெதசின் போன்ற மாத்திரைகள் குமட்டலைக் குறைக்கும், கூடவே தூக்கத்தையும் கொண்டுவரும். கேம் ஆடுவதற்காக ஒருவர் மாத்திரை போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதைப் போட்டுவிட்டு பைக் எடுப்பது இன்னும் மோசம். இஞ்சி சிலருக்குக் கொஞ்சம் கேட்கிறது, முயன்று பாருங்கள்.

ஓசூர்: தலையில் மாட்டும் வி.ஆர். கருவியில்?

இன்னும் கடுமையாக இருக்கும், பார்வை முழுவதையும் அது மூடிவிடுகிறதே. நின்ற இடத்திலேயே ஆடும் கேமில் தொடங்குங்கள். நகரும்போது ஓரங்களை இருட்டாக்கும் வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள்.

பாப்பாரப்பட்டி: டாக்டரிடம் எப்போது போக வேண்டும்?

கேம் ஆடாதபோதும் தலை சுற்றினால், ஒரு காது மந்தமானால், காதில் இரைச்சல் வந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, இரட்டையாகத் தெரிந்தாலோ, கை கால் மரத்தாலோ அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பாலக்கோடு மாணவரே மறுபடியும்: உங்களுக்கு இப்போது சரியாகிவிட்டதா அண்ணா?

நானே ஆடினால் ஒரு மணி நேரம் தாங்குகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் மைன்கிராஃப்டில் சுரங்கம் தோண்டினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். வியூ பாபிங்கை அவள் மறுபடி போட்டிருக்கிறாள் என்று மூன்றாவது கொட்டாவியில்தான் தெரிந்தது.