சாப்பிடாமல் இருந்தும் காய்ச்சலில் சர்க்கரை ஏறுவது ஏன்?

கேள்வி: எனக்கு வயது 54. சர்க்கரை நோய்க்குப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறேன். போன மாதம் வைரஸ் காய்ச்சல் வந்து சில நாள் சரியாகச் சாப்பிட முடியவில்லை. சர்க்கரை இறங்கிவிடுமோ என்று பயந்து எல்லா மாத்திரைகளையும் நிறுத்திவிட்டேன். ஆனால் அளவு 310 வரை போனது. இனி காய்ச்சல் வந்தால் மாத்திரையை எடுப்பதா, விடுவதா?

பதில்: உங்கள் பயம் நியாயமானதுதான். ஆனால் சர்க்கரை உணவிலிருந்து மட்டும் வருவதில்லை, கல்லீரலும் அதைத் தயாரித்து ரத்தத்தில் விடுகிறது. தொற்று வந்ததும் உடல் கார்ட்டிசால், அட்ரினலின், குளுக்ககான் ஆகிய ஹார்மோன்களைக் கூடுதலாகச் சுரக்கும். அவை கல்லீரலை முடுக்கிவிடும். வைரஸை எதிர்க்கும்போது உண்டாகும் அழற்சியோ இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. அந்த நேரத்தில் மாத்திரையும் நின்றுபோனால் அளவு ஏறத்தான் செய்யும்.

நான் அதிகம் கவலைப்படுவது உடலில் நீர் வற்றுவதைப் பற்றித்தான். சர்க்கரை கூடினால் சிறுநீர் நிறையப் போகும். வியர்வை, வாந்தி, வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரையின் செறிவு இன்னும் ஏறும், சிறுநீரகமும் பாதிக்கப்படும். முதியவர்களுக்கு அளவு 600-ஐத் தாண்டி நினைவு தடுமாறுவதும் உண்டு. ஃப்ளூ காய்ச்சலை ஒட்டிய நாட்களில் மாரடைப்பு அபாயமும் கூடுகிறது.

சரி, மாத்திரை விஷயம். எல்லா மருந்துக்கும் ஒரே விதி கிடையாது. இன்சுலின் போடுபவர்கள், குறிப்பாக முதல் வகை நோயாளிகள், சாப்பிடாவிட்டாலும் நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினை நிறுத்தவே கூடாது. தேவைப்பட்டால் அதன் அளவை மருத்துவர் மாற்றுவார். மெட்ஃபார்மினையும், சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்றவற்றையும் வாந்தி, வயிற்றுப்போக்கு இருக்கும்போது அல்லது நீர் குடிக்கவே முடியாதபோது தற்காலிகமாக நிறுத்தச் சொல்வது வழக்கம். இந்த ஃப்ளோசின் வகையில் ஒரு சிக்கல் உண்டு: மீட்டரில் அளவு பெரிதாக ஏறாமலேயே ரத்தத்தில், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடலாம். கிளிமெபிரைடு போன்றவை வேறு மாதிரி; சாப்பிடாமல் எடுத்தால் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். ஆகவே உங்கள் சீட்டில் உள்ள ஒவ்வொரு மருந்தையும் காய்ச்சலின்போது என்ன செய்வது என்று, உடம்பு நன்றாக இருக்கும் இப்போதே மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

காய்ச்சல் நாட்களில் 4 மணி நேரத்துக்கு ஒருமுறை சர்க்கரையைப் பாருங்கள். அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாக நீர் குடியுங்கள். இதய நோய்க்கோ சிறுநீரக நோய்க்கோ நீரின் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அளவு தொடர்ந்து 250-க்கு மேல் இருந்தாலோ 70-க்குக் கீழே போனாலோ மருத்துவரை அழையுங்கள். குடித்த நீரும் வயிற்றில் தங்கவில்லை, மூச்சு வேகமாக வாங்குகிறது, வயிறு வலிக்கிறது, நெஞ்சு வலிக்கிறது, பேச்சு குழறுகிறது என்றால் மீட்டர் என்ன காட்டினாலும் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இருமலுக்கோ மூச்சிரைப்புக்கோ ஸ்டீராய்டு கொடுத்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நிறுத்திய மாத்திரைகளை, வழக்கம்போலச் சாப்பிட்டுக் குடிக்க ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரம் ஆன பிறகு மீண்டும் தொடங்கலாம். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.