ஹேண்ட் பிரேக்: நட்டை முறுக்கும் முன் டிரம்மைப் பாருங்கள்

வணக்கம் சார். லீவரைப் பத்து கிளிக் இழுத்தும் மூலக்கடை மேம்பாலச் சரிவில் உங்கள் பழைய வேகன் ஆர் பின்னால் உருள்கிறது, லீவருக்கு அடியில் கேபிளை இறுக்கும் நட்டை முறுக்கினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். உடனே முறுக்காதீர்கள். பெரும்பாலும் பின் சக்கரத்தோடு சுழலும் டிரம்முக்குள், அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் ஷூ தேய்ந்து, இரண்டுக்கும் நடுவே இடைவெளி கூடியிருக்கும். அதைக் கவனிக்காமல் கேபிளை மட்டும் இறுக்கினால் ஷூ உரசிக்கொண்டே ஓடும், டிரம் சூடேறும், உள்ளே அந்த இடைவெளியைத் தானாகச் சரிசெய்யும் அட்ஜஸ்டரும் சரியாக வேலை செய்யாது.

சமதளத்தில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியையோ அடுக்கிய செங்கல்லையோ நம்பி அடியில் போகவே கூடாது, தயவுசெய்து. ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். பெடலை மிதிக்கும்போது ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரில் கசிவு தெரிந்தால் அதோடு நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஷூ நன்றாக இருந்தால் டிரம்மை மாட்டி, பெடலைப் பலமுறை மிதியுங்கள், இடைவெளி குறையும். அப்புறம்தான் நட்டு, அதுவும் அரைச் சுற்று அரைச் சுற்றாக. வண்டியின் கையேடு சொல்லும் கிளிக்கில் இரண்டு சக்கரமும் பிடிக்க வேண்டும், இறக்கினால் தாராளமாகச் சுற்ற வேண்டும்.

வண்டி திருவொற்றியூரில் கடலோரமாக நிற்கிறது என்றீர்களே, உப்புக்காற்றில் கேபிள் உறைக்குள்ளேயே துருப்பிடித்துச் சிக்கும். ஒரு சக்கரம் மட்டும் விடாமல் பிடித்தால் கேபிளையும் சந்தேகப்படுங்கள். வேலை முடியும்வரை வண்டியைக் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்தே நிறுத்துங்கள்.