சித்திரை வெயிலும் குதிரைத் தீவனமும்

கேள்வி: போன ஆடியில் அந்தியூர் குதிரைச் சந்தையில் ஒரு கத்தியவார் குதிரை வாங்கினோம். தினமும் 4 கிலோ கோதுமைத் தவிடு, 1 கிலோ கொள்ளு, மீதிக்குக் கம்பு நேப்பியர் புல். பங்குனியிலேயே வெயில் ஏறிவிட்டது. குதிரை சோர்ந்து நிற்கிறது, நடையும் கொஞ்சம் இறுகியிருக்கிறது. கடைக்காரர் மாட்டுக்கான கால்சியம் டானிக் ஒரு கேனும், மாட்டுத் தீவன பெல்லட் ஒரு மூட்டையும் எடுத்துப்போகச் சொல்கிறார். வாங்கலாமா? (கோபி வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். அந்தப் பணத்தைப் பசுந்தீவனத்தில் போடுங்கள்.

நீங்கள் போடுவதில் எனக்கு உறுத்துவது தவிடுதான். 4 கிலோ கோதுமைத் தவிட்டில் பாஸ்பரஸ் 40 கிராமுக்கு மேல் இருக்கும். கால்சியம் 5, 6 கிராம் தேறினால் பெரிது. குதிரைக்கு இது தலைகீழ்க் கணக்கு. பாஸ்பரஸைவிடக் கால்சியம் ஒருபோதும் குறையக் கூடாது, ஒன்றரை இரண்டு மடங்கு கூடுதலாக இருந்தால் நல்லது. அதற்கு மேல் நேப்பியர். அதில் ஆக்சலேட் அதிகம். புல்லில் இருக்கிற கால்சியத்தையும் உடம்பில் சேரவிடாமல் கட்டிப்போட்டுவிடும். மாடு இதைச் சமாளிக்கும், அதன் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் ஆக்சலேட்டைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி கிடையாது. கொழுக்கட்டைப் புல்லிலும் இதே தொல்லை உண்டு.

இது மாதக்கணக்கில் நீடித்தால் ரத்தத்துக்குத் தேவையான கால்சியத்தை எலும்பிலிருந்து உடம்பு உருவும். முதலில் நடை இறுகும், கால் மாறி மாறி நொண்டும், அப்புறம் முகத்தெலும்பு இரண்டு பக்கமும் உப்பிவிடும். உங்கள் குதிரைக்கு இதுதான் என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஈ கடியால் பரவும் சர்ரா நோயிலும் குதிரை இப்படிச் சோர்ந்து போகும். அதனால் கால்நடை மருத்துவரிடம் காட்டி ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். டானிக் வாங்குகிற காசில் அது முடிந்துவிடலாம். அந்த டானிக்குகள் பலவற்றில் கால்சியத்தோடு பாஸ்பரஸும் சேர்ந்தே வரும், லேபிளைத் திருப்பிப் பாருங்கள்.

வாங்க வேண்டியது குதிரை மசால், லூசர்ன் என்கிற தீவனப் பயிர். காய்ந்த மசால் 3 கிலோவில் சுமார் 40 கிராம் கால்சியம் கிடைக்கும். இறவையில் மசால் போடுகிற விவசாயி பக்கத்தில் இருந்தால் அவரிடமே வாரக் கணக்கில் பேசிவிடுங்கள், கடை விலையைவிடக் கட்டுப்படியாகும். பூஞ்சை வாடை அடித்தாலும், பிரித்தால் தூசி பறந்தாலும் அந்தக் கட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். தவிட்டை 1 கிலோவுக்குள் இறக்குங்கள். நேப்பியரில் பாதியைக் குறைத்து நல்ல சோளத்தட்டு கொடுங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள், பத்து நாளாவது எடுத்துக்கொள்ளுங்கள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. தீவனம் திடீரென்று மாறினால் வயிற்றுவலியில் உருண்டு புரளும்.

பெல்லட் விஷயத்தில் நான் கறார். கோழித் தீவனத்திலும் சில மாட்டுத் தீவனங்களிலும் மொனன்சின் போன்ற மருந்து கலப்பார்கள். கோழி தாங்கும் அளவில் நூறில் ஒரு பங்கே குதிரையைக் கொன்றுவிடும். இதயத் தசையைத் தாக்கும், மாற்று மருந்தும் கிடையாது. மூட்டையில் அப்படி எதுவும் போடாவிட்டாலும், அதே ஆலையில் அதே இயந்திரத்தில் கோழித் தீவனமும் ஓடியிருக்கலாம். குதிரைக்கு என்றே அச்சிட்டு விற்கும் மூட்டையைத் தவிர வேறெதையும் கட்டுத்தரைக்குள் விடாதீர்கள்.

வெயிலுக்கு என்று தனியாக வாங்க வேண்டியது கல் உப்பு மட்டும்தான். வியர்வையில் உப்பு ஏராளமாகப் போகும், அதனால் தினம் 30 கிராம் தீவனத்தில் கலந்து கொடுங்கள். தண்ணீர் 30, 40 லிட்டர் குடிக்கும். தொட்டி நிழலில் இருக்கட்டும்.

கேள்வி: மாசியிலிருந்து எங்கள் குதிரைக்குப் பிடரியும் வாலும் கொத்துக் கொத்தாக உதிர்கிறது. முடி வளர்க்கும் மூலிகை எண்ணெய் ஒன்று ஆன்லைனில் விற்கிறார்கள். பலன் தருமா? ஆடுகளுக்கு வெட்டும் சவுண்டல் தழையைத்தான் இதற்கும் போடுகிறோம். (தாராபுரம் வாசகர்)

பதில்: கேள்வியின் கடைசி வரியிலேயே பதில் இருக்கிறது. சவுண்டல் என்கிற சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. பிடரியையும் வாலையும்தான் அது முதலில் பிடிக்கும், குளம்பின் வளர்ச்சியையும் கெடுக்கும். தழையை நிறுத்துங்கள், மெல்ல முளைத்துவிடும். எண்ணெய்க் காசை லாடம் கட்டுகிறவருக்குக் கொடுத்துக் குளம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். முடி கொட்டிய இடத்தில் அரிப்பும் புண்ணும் இருந்தால் மட்டும் சங்கதி வேறு, அது கொசு மாதிரிச் சின்னப் பூச்சிகளின் கடியாக இருக்கலாம். மருத்துவர் பார்க்கட்டும். பனிக்காலம் முடிகிற இந்தச் சமயத்தில் உடம்பு ரோமம் கொட்டுவது இயல்பு, அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

கேள்வி: கோடை மழை பெய்தால் அறுத்த சோளக்காட்டில் தளிர் பச்சைப்பசேல் என்று கிளம்பும். குதிரையை அவிழ்த்துவிட்டால் தீவனச் செலவு மிச்சம்தானே?

பதில்: மிச்சம் பார்க்கிற இடம் இதுவல்ல. இளஞ்சோளத் தளிரில் சயனைடு விஷம் ஊறும். மாட்டைப் போல உடனே விழாவிட்டாலும், தொடர்ந்து மேய்கிற குதிரைக்குப் பின்னங்கால்கள் தள்ளாடும், சிறுநீர் தானாக ஒழுகும். பெரும்பாலும் இது முழுசாகத் தேறுவதில்லை. கதிர் முற்றி அறுத்து நன்றாகக் காயவைத்த தட்டைப் போடுங்கள்.